பிறவினை

"உடைஞ்சிச்சுன்னு சொல்லிட்டு எந்திரிச்சு வாயேன்ட்டி. ஒத்த எழுத்துக்காவ..."

"ஒத்த எழுத்து இல்லம்மா. உடைச்சாங்க."

"...ஒத்த எழுத்துக்காவ எத்தன நாளு எல்லாரையும் இழுத்தடிப்ப?"

"உடைஞ்சிச்சுன்னா தானா. உடைச்சாங்கன்னா ஆளு."

"எந்த ஆள நீ கண்ணால கண்ட?"

ஆக்னஸ் வாயை மூடிக்கொண்டாள். தாய்க்கும் மகளுக்கும் நடக்கும் சண்டை ஒவ்வொரு முறையும் இந்தக் கேள்வியில் வந்துதான் முட்டி நிற்கும். அதற்கு மேல் அந்தப் பதின்மூன்று வயதுப் பெண்ணிடமிருந்து ஒரு சொல்லும் வராது. சகாயராணி தான் ஜெயித்துவிட்டதாக எண்ணி, மகளின் நெற்றியில் ஒட்டியிருந்த முடியை ஒதுக்கிவிட்டாள். நாற்காலி வரிசையில் காத்திருந்த மற்றவர்கள், சண்டை முடிந்ததும் ஏமாற்றத்தோடு கைப்பேசிக்குத் திரும்பினார்கள்.

மறுகதை மையம் ஒரு பழைய கல்யாண மண்டபத்தில் இயங்கியது. பந்தி நடக்கும் கூடத்தைத் தடுப்புகள் வைத்துப் பிரித்திருந்தார்கள். மணமகன் அறையில் கோப்புகள் இருந்தன. மணமகள் அறை என்ற பித்தளைப் பலகையை மட்டும் யாருக்கும் கழற்றத் தோன்றவில்லை. அந்த அறையில்தான் பிள்ளைகளின் தலையில் மின்கருவிப் பட்டை கட்டினார்கள். பனையடித்துறை ஊர்ப் பிள்ளைகள் அதற்குத் தயிர் ரூம் என்று பெயர் வைத்திருந்தார்கள்.

பெயருக்குக் காரணம் பிரதீபன்தான். மையத்தின் ஒருங்கிணைப்பாளர், சென்னையிலிருந்து வந்தவர். முதல் கூட்டத்தில் பெற்றோர்களுக்கு விளக்கும்போது, நினைவைக் கல்வெட்டு என்று நினைக்காதீர்கள், அது பால் மாதிரி என்றார். ஒன்றை நினைத்துப் பார்க்கும்போதெல்லாம் அது இளகுகிறது. சில மணி நேரம் கழித்து மறுபடி இறுகுகிறது. பட்டை அந்த இளக்கத்தைப் பிடித்து வைக்கும். அந்த நேரத்தில் பிள்ளை எந்தக் கதையைச் சொல்கிறதோ, அந்தக் கதையாகவே நினைவு உறைந்துவிடும். பத்து அமர்வில் கதையைப் பழக்குவோம், பதினோராவதில் உறை ஊற்றுவோம் என்றார். உறைந்த பிறகு மறுபடி பாலாக்க முடியுமா என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். தயிரைப் பாலாக்கியவர் யாராவது இருந்தால் கூட்டி வாருங்கள் என்று பிரதீபன் சொல்ல, அத்தனை துக்கத்திலும் கூட்டம் சிரித்தது.

அந்தத் துக்கம் போன டிசம்பர் மழையில் வந்தது. பனையடித்துறைக்குப் பக்கத்தில் அனல் மின் நிலையத்தின் சாம்பல் குளம். எரித்த நிலக்கரியின் சாம்பலைத் தண்ணீரோடு கலந்து கொட்டி வைத்த, ஒரு ஊரளவு பெரிய குளம். நான்கு நாள் மழையில் அது தளும்பியது. ஐந்தாம் நாள் காலை ஊர்ப்பக்கக் கரை போய்விட்டது. சாம்பல் சேறு ஊருக்குள் வந்தது. செத்தது பதினேழு பேர். அதில் பதினோரு பேர் பால்வாடிப் பிள்ளைகள். ஆக்னஸின் தம்பி ஜெரோனுக்கு நான்கு வயது. பள்ளிக்கூடத்தில் இருந்த முப்பத்தோரு பேர் மட்டும் சேறு வருவதற்குள் மொட்டைமாடிக்கு ஏறியிருந்தார்கள்.

அந்த முப்பத்தோரு பேரில் முப்பது பேருக்கு உறை ஊற்றியாகிவிட்டது, அவர்களுடைய டீச்சருக்கும். இப்போது அவர்கள் சாப்பிடுகிறார்கள், பந்து விளையாடுகிறார்கள். கேட்டால், கரை உடைஞ்சிச்சு என்பார்கள், மாங்காய் விழுந்தது என்பதைப் போல.

ஆக்னஸ் மட்டும் பாக்கி. அவளுக்குக் கஞ்சியைப் பார்த்தால் குமட்டியது. கேப்பைக்கூழ், கரைத்த மாவு, கொத்தனார் சட்டியில் இருக்கும் சிமெண்ட், ஈரமாகச் சாம்பல் நிறத்தில் எது இருந்தாலும் போதும். மூன்று முறை பள்ளியில் மயங்கி விழுந்தாள். இப்படியே போனால் சிறுநீரகம் கெட்டுவிடும் என்று பெரியாஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். அந்தத் தாளைச் சகாயராணி ஜாக்கெட்டுக்குள் வைத்துக்கொண்டு திரிந்தாள். ஒரு பிள்ளையைக் கொடுத்தாச்சு, இன்னொன்றையும் ஒரு எழுத்துக்குக் கொடுக்க முடியுமா என்பது அவளுடைய வழக்கு. அதில் தப்பும் சொல்ல முடியாது.

ஆக்னஸோடு உட்கார்ந்து கதை கேட்பவள் இசக்கியம்மாள். பட்டை வருவதற்கு முன்னாலிருந்தே இந்த வேலையில் இருக்கிறாள். அப்போது ஒரு நோட்டும் பென்சிலும் மட்டும்தான். நீ பிரச்சினை இல்லை, பிரச்சினைதான் பிரச்சினை, அதற்கு ஒரு பேர் வை, வெளியே நிறுத்தி அதோடு பேசு என்று பிள்ளைகளிடம் சொல்வாள். ஆக்னஸ் தன்னுடையதற்கு ஈரச்சாக்கு என்று பெயர் வைத்தாள். தலைக்கு மேல் வந்து கவிழ்கிறதாம்.

"நேத்து கஞ்சித்தட்டுல வந்து உக்காந்துச்சுக்கா. போடா நாயேன்னேன்."

"ஈரச்சாக்கு ஆம்பளையா?"

"எதுக்குக் கேக்கீங்க, கல்யாணம் பண்ணி வைக்கவா? மண்டபத்துலதான இருக்கோம்."

இப்படிப் பேசுகிற பெண்தான், ஒரே ஒரு வினைச்சொல்லில் வந்து இடிந்து நிற்பாள். மையத்தின் விதி எளிமையானது. கதை சொல்லும்போது வலியின் அளவைப் பட்டை எண்ணாகக் காட்டும். இருபதுக்குக் கீழே வந்தால்தான் உறை ஊற்றலாம். ஆக்னஸ் மழையைச் சொல்வாள், முப்பது. மாடியைச் சொல்வாள், நாற்பது. கரையை உடைச்சாங்க என்பாள், எழுபத்து நான்கு. உடைஞ்சிச்சு என்று சொல்லிப் பார்க்கச் சொன்னால் சொல்வாள், எண் சரசரவென்று இறங்கும், உடனே தலையை ஆட்டி, இல்ல, உடைச்சாங்க என்பாள். மறுபடி எழுபத்து நான்கு. ஏழாம் வகுப்பிலேயே தன்வினை பிறவினை நடத்தியாயிற்று, இது பிறவினை, மாற்றி எழுதினால் மார்க் கிடையாது என்று பிரதீபனுக்கே பாடம் எடுத்தாள்.

யாரும் சதி செய்யவில்லை. ஆள் இருக்கிற கதையில் கோபம் இருக்கும், கோபத்தையும் பட்டை வலி என்றே கணக்கெடுக்கும், ஆளை எடுத்துவிட்டால் எண் இறங்கும், அவ்வளவுதான். முப்பது பிள்ளைகளின் கதையிலிருந்தும் ஆள் அப்படித்தான் போனது. நியாயம் கேட்பதும் வலிக் கணக்கில்தான் வருமா என்று இசக்கியம்மாள் ஒருநாள் பிரதீபனிடம் கேட்டாள். மெஷினுக்கு அந்த வித்தியாசம் தெரியாதுக்கா என்றார் அவர். கொஞ்சம் வருத்தமாகத்தான் சொன்னார்.

பதினோராவது அமர்வு இன்று. நாளை பனையடித்துறைக்கு விசாரணை அதிகாரி வருகிறார். கரை மழையில் தானாக உடைந்தது என்று முடிவானால், அதே இடத்தில் மண் போட்டு அடுத்த மழைக்குள் குளத்தைத் திறந்துவிடுவார்கள். குளத்துக்கும் பள்ளிக்கூடத்துக்கும் நடுவே ஒரு சாலைதான். கண்ணால் பார்த்த சாட்சி என்று பட்டியலில் இருப்பது ஒரே ஒருத்தி. அன்று மின் நிலையத்துக் கேன்டீனின் பின்பக்கம் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்த சகாயராணி. அவள் என்ன சொல்வாள் என்பது ஊருக்கே தெரியும். தானா உடைஞ்சிச்சு. அவள் பொய் சொல்லவில்லை. பிள்ளைகளுக்கு முன்பே, எட்டு மாதத்துக்கு முன், அவளும் பட்டை கட்டிக்கொண்டவள்.

சகாயராணி வெளியே நிற்க, இசக்கியம்மாளும் பிரதீபனும் காத்திருந்த மணமகள் அறைக்குள் ஆக்னஸ் மட்டும் போனாள். பட்டை கட்டினார்கள். மழை, பள்ளி, மாடி, கரை. எழுபத்து நான்கு.

பிரதீபன் பெருமூச்சு விட்டார். போன வாரம் தானே பனையடித்துறைக்குப் போய், பள்ளிக்கூட மாடியில் ஏறி நின்று பார்த்ததாகச் சொன்னார். படம் எடுத்து வந்திருந்தார். நான்கு பக்கமும் வேலிக்காத்தான் காடு. அங்கிருந்து கரையின் ஒரு முனைகூடத் தெரியாது. "நீ பாக்கவே முடியாதும்மா. பாக்காததை உடைச்சாங்கன்னு எப்படிச் சொல்ற? அது உன் கோபம் சொல்ற கதை. அதை வெச்சிக்கிட்டு நீ ஏன் சாகணும்?"

எண் எண்பத்தொன்றுக்கு ஏறியது.

இசக்கியம்மாள் அவரைக் கொஞ்சம் வெளியே நிற்கச் சொன்னாள். அவர் போனதும், ஆக்னஸின் தலையிலிருந்து பட்டையை அவிழ்த்து மேசையில் வைத்தாள். அது விதியில் இல்லாதது.

"அவர் சொல்லுதது சரிதான். மாடியில இருந்து தெரியாது. நானும் போய்ப் பாத்தேன்."

"பாத்தேன்னு நான் என்னைக்குச் சொன்னேன்?"

"அப்ப?"

"கேட்டேன்."

"யாரு சொல்லி?"

ஆக்னஸ் கதவைப் பார்த்தாள். கதவுக்கு அந்தப் பக்கம் சகாயராணி யாரிடமோ பேருந்து நேரம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"அம்மா."

பிறகு அவள் நிறுத்தவில்லை. அன்று அரையாண்டுப் பரீட்சை. கணக்கு. மூன்றாவது கேள்வி எழுதிக்கொண்டிருந்தபோது வெளியே சாலையில் சத்தம் கேட்டது. சன்னலில் பார்த்தால் அம்மா. கையில் கழுவின பெரிய வட்ட டேக்சாப் பாத்திரம் இருக்கிறது, அதைக் கீழே போடக்கூடத் தோன்றாமல் ஓடி வந்திருக்கிறாள். மின் நிலையத்துக்குள் தண்ணீர் ஏறிவிடக்கூடாது என்று மண் அள்ளும் வண்டியைக் கொண்டுவந்து ஊர்ப்பக்கக் கரையை வெட்டுகிறார்கள். அம்மா அதைப் பார்த்துவிட்டுத்தான் ஓடி வந்தாள். கரைய உடைக்காங்க, மாடிக்கு ஏறுங்க என்று பள்ளிக்கூடத்தைப் பார்த்துக் கத்தினாள். டீச்சர் எல்லோரையும் மாடிக்கு ஏற்றினார்கள். அதன் பிறகு அம்மா திரும்பி, பால்வாடிப் பக்கம் ஓடினாள். சாலை பிரிகிற இடத்தை அவள் தாண்டுவதற்குள் சேறு வந்துவிட்டது.

இசக்கியம்மாள் குனிந்து தன் கைகளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது புதிய கதை இல்லை. எட்டு மாதத்துக்கு முன்னால், இதே நாற்காலியில் உட்கார்ந்து சகாயராணி சொன்னாள், கண்ணால பாத்தேன் மேடம், வண்டிய விட்டு உடைச்சாங்க, ரெண்டு ரோடு, நான் இடதுபக்கம் திரும்பிட்டேன், வலதுபக்கம் எம்புள்ள இருந்தான் என்று. எண் தொண்ணூற்றாறு. உடைஞ்சதுன்னு ஒரு தடவை சொல்லிப் பாருங்களேன் என்று எடுத்துக் கொடுத்தது இசக்கியம்மாள்தான். உடைந்தது என்றால் யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. தெரியாது என்றால் எந்தப் பக்கம் திரும்புவது என்ற கேள்வியே இல்லை. எண் பதினைந்துக்கு வந்தது. அன்று வீட்டுக்குப் போகும் வழியில் இசக்கியம்மாள் தனக்குத்தானே பாட்டு முணுமுணுத்துக்கொண்டு போனாள்.

"அக்கா, எங்கம்மா மொதல்ல என்ன சொன்னாங்கன்னு உங்களுக்குத் தெரியும்ல?"

முதலில் சொன்ன கதையை உறை ஊற்றியதும் அழித்துவிட வேண்டும், கேட்டவர் வெளியே சொல்லக் கூடாது. கையெழுத்துப் போட்டுத்தான் வேலைக்குச் சேர்ந்திருந்தாள்.

"தெரியும்," என்றாள் இசக்கியம்மாள்.

இத்தனை மாதத்தில் இன்னொரு ஆளின் வாயிலிருந்து ஆக்னஸுக்குக் கிடைத்த முதல் சொல் அது.

நாளைக்கு விசாரணைக்குத் தானும் வந்து, காதால் கேட்டதைச் சொல்லப் போவதாக இசக்கியம்மாள் சொன்னாள். வேலை போனால் போகட்டும். ஆனால் கேட்டவள் சாட்சி எதுவரைக்கும் செல்லும் என்று தெரியவில்லை, பார்த்தவள் மாற்றிச் சொல்லும்போது. அம்மாவிடம் நான் பேசுகிறேன் என்றாள் ஆக்னஸ். இசக்கியம்மாள் அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"உங்கம்மா ரெண்டு தடவ கடலுக்குள்ள நடந்து போனாங்க. தெரியுமா?"

"நாந்தான இழுத்துட்டு வந்தேன்."

"அந்த வலி திரும்ப வரும்ட்டி. என்னால அதத் தாங்கிப் பிடிக்க முடியும்னு சத்தியம் பண்ண முடியாது."

"ரெண்டு ரோட்டுல தப்பான ரோட்டுல திரும்பிட்டேன்னு அழுதாங்க. நீங்க ரோட்டையே எடுத்துட்டீங்க. நாங்க முப்பத்தோரு பேரும் அந்த ரோட்டுலதானக்கா இருந்தோம்?"

இசக்கியம்மாள் மேசையில் கிடந்த பட்டையை ஓரமாகத் தள்ளி வைத்தாள்.

"எங்கள காப்பாத்துனது அவங்கன்னு அவங்களுக்கே தெரியல. ஊர்ல ஒருத்தருக்கும் தெரியல. வீட்டுக்குள்ள யாரு வீட்டுக்கோ விருந்துக்கு வந்தவங்க மாதிரி ஓரமா நிக்காங்க. நானும் உடைஞ்சிச்சுன்னு சொல்லிட்டா, அந்த ரோட்டுல ஓடியாந்த பொம்பளை எங்க போவா?"

கதவைத் திறந்தபோது பிரதீபன் தண்ணீர்க் குவளையோடு நின்றுகொண்டிருந்தார். மேசையில் கிடந்த பட்டையைப் பார்த்தார். இன்றைக்கு உறை ஊற்றவில்லை என்று இசக்கியம்மாள் சொன்னதும் அவர் முகம் மாறியது. பதினோராவது அமர்வு தவறினால் ஆக்னஸுக்கு மறுபடி இடம் கிடையாது, தாயாரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், மேலே இதை எழுதித்தான் ஆகவேண்டும் என்றார்.

"எழுதுங்க தம்பி. இசக்கியம்மாள் மறுத்தாள்னு எழுதுங்க. மறுப்பு ஏற்பட்டதுன்னு எழுதிராதீங்க."

அவர் ஆக்னஸின் முகத்தைப் பார்த்து, குவளையை அவளிடம் நீட்டினார். அவள் முழுவதையும் குடித்தாள்.

சகாயராணி உள்ளே வந்தாள். முடிஞ்சிச்சா மேடம் என்று கேட்டாள். மகளின் தலையில் பட்டை இல்லாததைப் பார்த்து அவள் கை ஜாக்கெட்டுக்குப் போனது, ஆஸ்பத்திரித் தாளை எடுக்க. இசக்கியம்மாள் அவளைத் தன் நாற்காலியிலேயே உட்கார வைத்தாள். பட்டைக்கு முந்தின பழைய முறை ஒன்று உண்டு, ஒருத்தர் சொல்ல இன்னொருத்தர் குறுக்கே பேசாமல் கேட்க வேண்டும், கேட்டு முடித்ததும் தன் காதில் என்ன விழுந்தது என்று சொல்ல வேண்டும் என்றாள். பிடிக்காவிட்டால் எந்த நேரத்திலும் எழுந்து போகலாம் என்றும் சொன்னாள். அப்புறம், கேட்காமலேயே இன்னொன்றும் சொன்னாள்:

"சகாயராணி, எட்டு மாசத்துக்கு முன்ன நீங்க சொன்ன கதையில நான் ஒரு சொல்லை மாத்துனேன். நல்லதுன்னு நெனச்சுத்தான் மாத்துனேன். மாத்துனது நான்."

சகாயராணிக்குப் புரியவில்லை. நல்லாத்தான மேடம் இருக்கேன் என்றாள்.

ஆக்னஸ் தாயின் எதிரே தரையில் உட்கார்ந்தாள். ஆரம்பித்தாள். நான்கு நாள் மழை. ஐந்தாம் நாள் காலையில் ஜெரோன் சட்டைப் பொத்தானை மாற்றிப் போட்டுக்கொண்டு, அப்படியே இருக்கட்டும் என்று அடம் பிடித்தது. பால்வாடி வாசலில் அவன் திரும்பிப் பார்க்காமல் உள்ளே ஓடியது. சகாயராணி தலையாட்டிக்கொண்டே கேட்டாள். இதெல்லாம் அவளிடமும் இருந்தது. கண் நிறைந்தது, வழியவில்லை.

"பத்தரை மணிக்கு நாங்க மாடிக்கு ஏறுனோம்," என்றாள் ஆக்னஸ்.

"மழை பாக்க," என்றாள் சகாயராணி. குறுக்கே பேசக்கூடாது என்பது மறந்துவிட்டது. "எல்லாப் புள்ளைகளும் அப்படித்தான சொல்லுது. மழை பாக்க ஏறுனீங்க. நான் ஓடியாரையில நீங்க மாடியில நிக்கீங்க. கடவுள் செயல்."

"அன்னைக்குக் கணக்குப் பரீட்சைம்மா. பரீட்சையப் பாதியில விட்டுட்டு மழை பாக்க எந்த டீச்சர் மாடிக்கு அனுப்புவாங்க?"

சகாயராணி மகளைப் பார்த்தாள். பிறகு இசக்கியம்மாளைப் பார்த்தாள், எடுத்துக் கொடுப்பாள் என்பதைப் போல. இசக்கியம்மாள் எடுத்துக் கொடுக்கவில்லை.

"சேறு வந்தது பத்தே முக்காலுக்கு," என்றாள் ஆக்னஸ். "தானா உடைஞ்சிருந்தா, நாங்க எப்படி முன்னாலயே ஏறுனோம்?"

"அது... மழைச் சத்தம் ஜாஸ்தியா..." சகாயராணியின் வலது கை மடியிலிருந்து மெல்ல மேலே வந்தது. விரல்கள் பெரிதாக, வட்டமாக எதையோ பிடித்திருப்பதைப் போல வளைந்து நின்றன. அதை அவள் ஒரு அந்நியருடைய கையைப் பார்ப்பதைப் போலப் பார்த்தாள்.

கூடத்தில் யாரோ வேறு ஊர்ப் பிள்ளையின் பெயரைக் கூப்பிட்டார்கள். பிரதீபன் கதவருகே போய், சத்தம் போடாதீர்கள் என்று கையைக் காட்டினார்.

ஆக்னஸ் முழங்காலில் நகர்ந்து வந்து, வளைந்து நின்ற அந்தக் கையை அப்படியே, விரலை மடக்காமல், தன் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். தாயின் முகத்திலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"நான் எடுத்துக் கொடுக்க மாட்டேன்மா. உன் சொல்லு அது. பள்ளிக்கூடத்தப் பாத்து, மாடிக்கு ஏறுங்கன்னு கத்துனியே, அதுக்கு முன்ன நீ என்னன்னு கத்துன?"